மற்றும் பலர்

உங்களை உயர்த்திவிட்ட ஒருவரின் பெயரை, அவர் காதில் விழும்படி, நாலு பேர் முன்னால் நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? விளம்பரத் தொழில் என்பது பெயரை உரக்கச் சொல்லும் தொழில். அதில் என்னோடு தொண்டை வறண்டு நிற்கும் தோழர்களே, நான் சொல்லத் தவறிய ஒரு பெயரைப் பற்றிக் கேளுங்கள்.

சுவரொட்டி

ஹட்டனில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் கூடிய பழைய கிளப் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை மாலைகளில் இசை நிகழ்ச்சி நடத்தினோம். 'கிளப் நைட்' என்று பெயர் வைத்தோம். கீபோர்டும் கித்தாரும் வாசிக்கும்வரை சனம் கைகட்டி உட்கார்ந்திருக்கும். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சூசையண்ணன் தப்புப் பறையை எடுத்து நாலு அடி அடித்தால்தான் நாற்காலிகள் காலியாகும். அவ்வளவு பேரும் எழுந்து ஆடுவார்கள்.

சுவரொட்டியில் கொழும்புப் பாடகர் மூவரின் பெயர்களைப் பெரிதாகப் போட்டு, அடியில் 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தேன். சூசையண்ணன் அதை நோர்வூட் பஸ் நிலையத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வந்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "இந்த மற்றும் பலர்ல நான் எத்தனாவது ஆளுங்க சார்?"

பெரட்டுக் களம்

அடுத்த சுவரொட்டியில் போடுவதாக வாக்களித்தேன். போடவில்லை. இடமில்லை என்று அவரிடம் சொன்னேன். தப்புக்காரர் பெயரைப் போட்டால் டவுன் ஆட்கள் முகம் சுளிப்பார்களோ என்ற பயம்தான் உண்மைக் காரணம். அந்தப் பயத்தை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் ஒத்திகைக்கு அவரை அழைத்துவர விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை "சூசை" என்றார். இவர் "இருக்கேங்க" என்றார். என்னருகே வந்து மெல்லச் சொன்னார்: "வேலைக்குக் கூப்புடுறப்ப இந்தப் பேரு எப்படி கேக்கும்னு தெரியும் சார். மேடையில ஒருக்கா கூப்புடுங்க, அங்க எப்படி கேக்குதுன்னு பாக்கணும்."

பலகை மாறியது

கையில் தொலைபேசி வந்தபின் மண்டபத்துக்கு ஆள் வருவது குறைந்தது. என் கூட்டாளி ராஜன் குளிக்கிற சோப்பு செய்யும் சவர்க்காரக் கம்பனி ஒன்றைப் பிடித்து வந்தான். லொறியில் இசை போட்டுத் தோட்டந்தோட்டமாகப் போய் அவர்கள் சரக்கை அறிமுகம் செய்ய வேண்டும். எங்கள் பெயர்ப்பலகையில் 'இசை' என்ற சொல்லின் மேல் வர்ணம் பூசி, 'சந்தைப்படுத்தல்' என்று எழுதினோம்.

ஒருவன் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோனானாம். வழியில் வண்டி அச்சு கிறீச்சிட, கொஞ்சம் அதில் ஊற்றினான். மறுபடி கிறீச்சிட்டது, மறுபடி ஊற்றினான். வண்டி சத்தமில்லாமல் கோயிலை அடைந்தது, விளக்கு எரியவில்லை. இந்தக் கதையை ராஜனிடம் சொன்னேன். அவன் சொன்னது: "வண்டி ஓடுதில்ல, அதப் பாரு."

அக்கரப்பத்தனை

ஒவ்வொரு தடவையும் சூசையண்ணனைக் கூட்டிப்போவது சிரமமென்று, ஒரே பிற்பகலில் அவருடைய அடிகளையெல்லாம் ஒலிப்பதிவு செய்தோம். பெரட்டுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. விளம்பரத்துக்கு எதை எடுப்பதென்று அவரைக் கேட்கவில்லை. கொழும்பு ஒலிப்பதிவுக்காரர் தமக்குப் பிடித்ததை எடுத்தார், நானும் தலையாட்டினேன்.

லொறி அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் நுழைந்ததும், மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடைகளை அப்படியே வைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்கள். எந்த லயத்து வீட்டில், யார் செத்துப்போனது என்று பதறினார்கள். நாங்கள் சவர்க்காரத்தை நீட்டினோம். ஒலித்தது சாவு அடி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டம் கொதித்தது. தப்பித்துக்கொள்ள ஒலிவாங்கியைப் பிடித்து, அடித்தவர் நோர்வூட் சூசை, பிழை அவருடையதே என்று அறிவித்தேன். அவர் பெயரை ஒலிவாங்கியில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் நின்ற ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சவுக்காரம் கொண்டாந்துட்டீங்க தம்பி, குளிப்பாட்டப் பொணம் எங்க?"

நோர்வூட்

சூசையண்ணன் தம் மகளை அந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். அவளும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறாள். மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கவ்வாத்துக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கோபப்படவில்லை. அதே லொறியில் போய் உண்மையை அறிவிக்கிறேன், சுவரொட்டியில் முதல் பெயராகப் போடுகிறேன் என்றேன். தலையசைத்து மறுத்தார்: "பேரச் சொல்லிட்டீங்க சார். இனி என்னய மற்றும் பலர்லயே போட்டுருங்க."

அவர் மறுத்ததைச் சாக்காக வைத்து நான் இன்றுவரை அக்கரப்பத்தனைக்குத் திரும்பிப் போகவில்லை. நாளைக் காலை லொறி அங்கேதான் போகிறது. சரக்கு ஏதுமின்றி, அவர் பிழை செய்யவில்லை என்று சொல்வதற்காக மட்டும்.

ஒரு சவர்க்காரத்தின் பெயரை மலைநாடு முழுவதும் மனப்பாடம் செய்யவைத்த எங்கள் நிறுவனத்துக்கு, ஒரு மனிதரின் பெயரைப் பழி சுமத்தத்தான் சொல்லத் தெரிந்தது. உங்கள் மேசையில் ஏதாவது நோட்டீஸ் கிடக்கிறதா? அச்சுக்குப் போகுமுன், இன்றே, இப்போதே, அதன் கடைசி வரியை அடித்துவிட்டு அந்தப் பெயர்களை எழுதுங்கள்.