சஸ்பிஷியஸ் என்று எழுதியிருந்தது

அக்காவின் கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை என்று அவள் சும்மா விட்டுவிட்டாள். நான்தான் பாம்பனுக்குப் போய் அவளை இழுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு வந்து ஸ்கேன் எடுக்க வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பிரித்தேன். கடைசி வரியில் சஸ்பிஷியஸ் என்றிருந்தது.

நான் ஆர்.எஸ்.மங்கலத்தில் ஆங்கில ஆசிரியை. அந்தச் சொல்லை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். யாரையும் நம்பாத ஆளுக்கும் அதே சொல்தான், பார்த்தால் நம்பத் தோன்றாத ஆளுக்கும் அதே சொல்தான். வாக்கியத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஒரு கட்டியைப் பற்றியும் அப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"என்னடி போட்டுருக்கு?"

"சந்தேகமா இருக்குன்னு போட்டுருக்குக்கா."

"யாருக்குச் சந்தேகம்?"

"டாக்டருக்கு. கட்டி மேல."

"அப்ப இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல."

"ஊசி போட்டு உள்ள இருக்குறத எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம்."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டாள். "மச்சானுக்குப் போன் பண்ணிராத. கடல்ல இருக்காக."

ஊசி போட்டு எடுத்த பிறகு முடிவு வரும்வரை அவள் வீட்டிலேயே தங்கினேன். அந்த நாட்களில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை. சோற்றைக் குறைத்துவிட்டாளா, சாயங்காலம் உடம்பு சுடுகிறதா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, போலீஸ்காரன் மாதிரி பாக்குற?" என்றாள்.

ஒருநாள் மதியம் அவள் வீட்டில் இல்லை. ரிப்போர்ட்டும் இல்லை. தேடிப் போனேன். மெடிக்கல் ஷாப்பில் நின்றிருந்தாள். கடைக்காரர் அந்தக் காகிதத்தைப் பார்த்து, "சந்தேகம்னுதான்க்கா போட்டுருக்கு, வேற ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். எனக்குக் கோபம். படலைத் திறக்கும்போது அவளே சொன்னாள்: "கோவிச்சுக்காத. எனக்காக நீ பொய் சொல்லிருப்பேன்னு நெனச்சேன். நானா இருந்தா சொல்லிருப்பேன்."

கோபம் அங்கேயே போய்விட்டது. இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

முடிவு வாங்கப் போன அன்று கவரைப் பிரிக்காமல் டாக்டரிடமே நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "புற்றுநோய் இல்லம்மா. டிபி கட்டி. சில மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா கரைஞ்சிரும்."

டிபி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முதல்முறையாக அழுதாள். மச்சான் அன்று காலைதான் கரை வந்திருந்தார். என் போனை வாங்கி, கட்டியைக் கண்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் அவளே அவரிடம் சொன்னாள். நான் மாத்திரை வாங்கி வந்தபோதும் சொல்லி முடிந்திருக்கவில்லை.

பஸ் ஏறியதும் கேட்டேன்: "மச்சான் என்னக்கா சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. அழுதாக," என்றவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.