நின்றுபோன ‘டிக்’ சத்தம்

“நீ பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள, செயின் சத்தத்தப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?” என்று மெக்கானிக் மணி மாமா என்னைக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது.

இன்று பெரம்பலூரில் ஒரு மெக்கானிக் கடையில், என் வண்டிக்கு வாங்கிய புதுச் செயினைப் பிரித்ததும் எழுந்த கிரீஸ் வாசனை, என்னை அவருடைய தகரக் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டது. விக்கிரமங்கலம் சாலையில் அது நின்ற இடம் இப்போது ஆழமான சுண்ணாம்புக்கல் குழி. அன்று அந்தக் கொட்டகையில் லாரிப் புழுதியும் அடங்காது, சுத்தியல் சத்தமும் ஓயாது. செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லிங்கை மணி மாமா, அதற்கான அழுத்தும் கருவி இல்லாமல், அடியில் கல்லைக் கொடுத்து அடித்தே நசுக்கிவிடுவார்.

அப்படி அடித்த செயினோடு ஓடிய பைக்கில்தான் அப்பா என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். இறுகிப்போன அந்த லிங்க் பல்சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ‘டிக்’ என்று கேட்கும். பின்னால் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டே போவேன். அதை மணி மாமாவிடம் சொன்னபோதுதான் அவர் என்னை அப்படிக் கேட்டார். ஒரு காலையில் சத்தம் நின்றிருந்தது.

“பாத்தியா, தானா சரியாயிருச்சு!” என்று சிரித்தபடி அப்பா என்னை இறக்கிவிட்டுப் போனார். லிங்க் தளர்ந்ததால்தான் சத்தம் நின்றது என்பது, செயின் அறுந்து சக்கரத்தில் சிக்கி, அவர் லாரிக்கு முன்னால் விழுந்து கால் முறிந்த பிறகே தெரிந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான், எங்கள் குடும்பத்தில் முதலில் படித்த என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்தார்.

“நாலு அடி அடிச்சா முடிஞ்சுதும்மா, டூலெல்லாம் எதுக்கு?” என்று இன்றைய மெக்கானிக் சுத்தியலை எடுத்தார். நான் வாங்கி வந்திருந்த அழுத்தும் கருவியை அதற்குள் லிங்கில் மாட்டி, முதல் சுற்றைத் திருகியிருந்தேன்.