நவாப் பூனைமீது நான் திரட்டிய சாட்சிகள்

அடுப்பு ரிப்பேர் கடைக்கு வருகிற மனிதர்கள் எல்லாரும் "தானா கெட்டுப்போச்சு பாய்" என்றுதான் சொல்வார்கள். பூனை மட்டும்தான் கண்ணாடிமேல் காலடி பதித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. திருகு வைத்த கேஸ் அடுப்போடு இருந்தவரை பூனைகள் பாலைக் கவிழ்ப்பதோடு நிறுத்திக்கொண்டன. தொட்டாலே, பாத்திரம் வைக்காவிட்டாலும் சிவந்து சூடாகும் கரண்ட் அடுப்பு வந்ததும் கதை மாறிவிட்டது. அந்தக் கண்ணாடிக்கு நம் விரலும் ஒன்றுதான், பூனையின் பாதமும் ஒன்றுதான். சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. யார் அணைக்கிறோம்? பூனை வளர்க்கும் பாவப்பட்ட ஜனங்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. பெயர் நவாப். என் மனைவி ஷமீமின் செல்லம். மீன் வாங்கினால் முதல் துண்டு அவனுக்குத்தான். அதில் எனக்கு வயிற்றெரிச்சல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயமும் நிஜம். நாங்கள் இருவரும் வெளியே போனால் பூட்டிய வீட்டில் அவனும் அடுப்பும்தான். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் தம்பி வீட்டில் விட்டுவிடலாம் என்றேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஷமீம் நிபந்தனை போட்டாள்: "நவாப் அடுப்ப பத்த வெக்கறத என் கண்ணால பாக்கணும். பாத்த அன்னிக்கே கூட்டினு போயிடுங்க."

அன்றிலிருந்து ஊர்ப் பூனைகளின் குற்றங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து சாட்சி சொல்ல ஆரம்பித்தேன்.

பாதுகாப்பான இடம்

ரிடையரான தலைமை ஆசிரியர் ஒருவர் அடுப்பைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால், கண்ணாடிமேல் நீல பிளாஸ்டிக் உருகிப் படிந்திருக்கிறது. அதற்குள் இருபது முப்பது வடகம் அப்படியே புதைந்து கிடக்கிறது. ஃப்ரிட்ஜ் மேலிருந்து அடுப்பில் குதித்திருக்கிறது அவர் வீட்டுப் பூனை.

"சார், பிளாஸ்டிக் டப்பாவ கொண்டுபோய் அடுப்பு மேலயா வெப்பீங்க?" என்றேன். அவர் ஒன்றாம் வகுப்புப் பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"வேற எங்க வெச்சாலும் பூனை தின்னுடுதேப்பா!"

பாதி வழியில்

செங்கம் ரோடு பக்கம் இட்லிமாவு விற்கும் மகேஸ்வரி அம்மா, பௌர்ணமி அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கணவரோடு கிரிவலம் கிளம்பினார். சரியாகப் பாதி சுற்றியபோது பக்கத்து வீட்டிலிருந்து போன்: அடுக்களை ஜன்னலில் புகை! அடுப்பின்மேல் கரித்துணி மடித்து வைத்திருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கூடவே, பூனையை உள்ளே விட்டுப் பூட்டியதும்.

பௌர்ணமி நெரிசலில் ஆட்டோ ஏது? கணவர் திரும்பி ஓடலாம் என்கிறார். அம்மா மாட்டேன் என்கிறார். பதினாலு கிலோமீட்டரில் ஏழு முடிந்துவிட்டது. முன்னால் போனாலும் ஏழு, பின்னால் போனாலும் ஏழு. அவர்கள் வாதாடி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்து, மெயினை அணைத்து, பூனையையும் காப்பாற்றிவிட்டார். கருகிய அடுப்பை என் மேசைமேல் வைத்துவிட்டு அம்மா சொன்னார்:

"திரும்பி ஓடியிருந்தா அடுப்பும் போச்சு, புண்ணியமும் போச்சு. நேரா நடந்ததால ஒண்ணாவது மிச்சம் பாய்!"

இதை வீட்டில் போய்ச் சொன்னபோது ஷமீம் சிரித்தாள். சிரித்துவிட்டு நவாபுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

தியானம்

ரமணாசிரமம் பக்கம் ஒரு வீட்டு ஓனர் அவசரமாகக் கூப்பிட்டார். மாடியில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்குத் தெருப்பூனைகள் எல்லாம் சொந்தம். நாங்கள் மேலே போனபோது, வெறும் அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டு, பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பூனைகள் சுகமாகக் குளிர் காய்ந்தன. அந்த அம்மா நான்கடி தள்ளிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

சுவிட்சை அணைத்துவிட்டு, சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன். மெதுவாகக் கண்ணைத் திறந்து, கற்றுக்கொண்ட தமிழில் "சத்தம் வெளியே. நான் உள்ளே" என்றார். எனக்கே ஒரு நிமிடம் கும்பிடத் தோன்றியது. ஓனருக்குத் தோன்றவில்லை.

"அவங்க உள்ளயே இருக்கட்டும் பாய், என் வூடு வெளியதான இருக்குது!"

கண்ணால் கண்ட சாட்சி

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். புழுக்கம் ஜாஸ்தி. சட்டையைக் கழற்றிக் கைக்கு எட்டிய இடத்தில் போட்டுவிட்டு, லுங்கியோடு அடுக்களை மேடையில் சாய்ந்து எக்கி, மேல்தட்டில் ஊறுகாய் ஜாடியைத் துழாவினேன். "பீப்" என்று ஒரு சத்தம். ஜாடி கைக்கு வருவதற்குள் தீய்ந்த நாற்றம். குனிந்து பார்த்தால், அடுப்பின்மேல் கிடந்த என் ஜும்மா சட்டையிலிருந்து புகை!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சட்டை போனால் போகட்டும், கேஸ் ஜெயித்துவிட்டதே! "ஷமீம்! ஓடியா! உன் நவாப் வேலைய வந்து பாரு!" என்று கத்திக்கொண்டே, நின்ற இடத்திலிருந்தே சட்டையை இழுத்துப் பக்கத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டேன்.

ஷமீம் ஓடி வரவில்லை. அடுக்களைக்கு நேர் எதிரே தையல் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நவாப் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பின் பொத்தான்கள்மேல் இன்னமும் சாய்ந்திருந்த என் தொப்பையைப் பார்த்தாள்.

"கண்ணால பாத்துட்டேங்க. பூனைன்னா கீழ்பென்னாத்தூர்ல கொண்டுபோய் விடலாம், உங்கள எங்கங்க கொண்டுபோய் விடறது?"

இன்றைய தேதியில் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் நுழையத் தடை உள்ள ஒரே பிராணிக்கு வால் கிடையாது, ஊரார் அடுப்பையெல்லாம் சரிசெய்யும் கை மட்டும் உண்டு.