சென்ட்ரல்ல அஞ்சு வருசம்

சிவபாண்டி பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஆளாளுக்கு அவன் தலையில் அதைத்தான் கட்டினார்கள். விளாங்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் விடுதிக்குச் சமையல் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கீழக்குயில்குடியிலிருந்து போய் நின்றான். வார்டன் பிலோமினாள் டீச்சர் கேட்டது ஒரே கேள்வி.

“இதுக்கு முந்தி எங்க வேலை பாத்தீங்க?”

“சென்ட்ரல்ல அஞ்சு வருசம் டீச்சர். ஒரு வேளைக்கு ஆயிரத்து எரநூறு பேருக்குப் பொங்கிருக்கேன்.”

உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள் அரசரடியில் இருக்கும் மதுரை மத்திய சிறையை அப்படித்தான் சொல்வார்கள். ஜெயில் என்ற வார்த்தை வாயில் வராது, சென்ட்ரல்தான் வரும். டீச்சர் காதிலோ மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட் விழுந்தது. “ஓ, காய்கறி மார்க்கெட்டா? லோடுமேன்களுக்கு ஆக்கிப் போட்ட கைன்னா நம்ம பசங்களுக்குத் தாராளமாத் தாங்கும்” என்று சிரித்துக்கொண்டே, பணியாளர் பதிவேட்டில் ‘சென்ட்ரல் மார்க்கெட், 5 வருடம்’ என்று முத்து முத்தாக எழுதிவிட்டார்.

திருத்துவதற்கு வாயைத் திறக்கத்தான் செய்தான். ஆனால் அதற்கு முன் ஏழு இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தவன் அவன். ஆரப்பாளையத்தில் ஒரு ஓட்டல்காரர் புரோட்டா வீசச் சொல்லி, ரெண்டு தின்றும் பார்த்து, “கை பிரமாதம்” என்றார். விவரம் தெரிந்ததும், “சொல்லி அனுப்புறோம் அண்ணே” என்றார். ஆறு மாதமாகியும் அவர் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் மனைவி முத்துமீனா ஒருத்தி களையெடுத்துக் கொண்டுவந்துதான் பிள்ளையோடு மூன்று வயிறு நிறைந்தது. ஆகவே திறந்த வாயை மூடிக்கொண்டான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைச் சொறிந்தான். அம்புட்டுத்தான்.

அவன் செய்ததையும் மறைப்பதற்கில்லை. ஏழு வருஷத்துக்கு முன் மடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று தகராறு. பக்கத்து வயல் மருதுவை மண்வெட்டிக் காம்பால் ஒரே ஒரு அடி அடித்தான். மூன்றாம் நாள் மருது ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

விடுதியில் எட்டு மாதம் ஓடியது. பையன்கள் தட்டை வழித்துத் தின்றார்கள். சாம்பார் மிஞ்சி வாளியோடு சாக்கடைக்குப் போவது நின்றது. ஆனால் அந்த மார்க்கெட் சனியன் அவனை விட்டபாடில்லை. “சிவபாண்டி, மார்க்கெட்ல உங்க ஆளுக இருப்பாங்கல்ல, சின்ன வெங்காயம் என்ன போகுதுன்னு கேட்டுச் சொல்லு” என்பார் டீச்சர். அவனுக்கு அங்கே யாரைத் தெரியும்? விடியுமுன் பஸ் ஏறி மாட்டுத்தாவணிக்குப் போய், முன்பின் தெரியாத கமிஷன் கடைகளில் விலை கேட்டு வந்து ஒப்பிப்பான். ஒரு வார்த்தையைத் திருத்தாமல் விட்டதற்கு இத்தனை பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் எல்லாப் பணியாளர் கையிலும் ஒரு படிவம் கொடுத்தார். பள்ளித் தாளாளர் கிளமெண்ட் சார் புதிதாகக் கொண்டுவந்த ஏற்பாடு. “போலீசுக்கெல்லாம் போகாது, பயப்படாதீங்க. நம்ம ஃபைல்ல கெடக்கும். பத்து மணிக்கு சார் வாராரு, அதுக்குள்ள குடுத்துருங்க.” ஒன்பதாவது கேள்வி: குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரா? ஆம் / இல்லை.

சிவபாண்டி கொல்லைப்பக்கம் போய் முத்துமீனாவுக்குப் போன் போட்டான்.

“இல்லைன்னு டிக் அடிச்சுட்டு வேலையப் பாருங்க” என்றாள் அவள். “இப்பத்தான் வீட்ல ஒல கொதிக்குது. அரிச்சந்திரன் கணக்கா ஏதாச்சும் செஞ்சு வச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. போலீசுக்குப் போகாத காகிதம். பேனாவை ‘இல்லை’க்கு நேரே வைத்தான். அப்போதுதான் டீச்சர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: “நாளைக்கு நானும் உன்கூட மார்க்கெட் வாரேன்ப்பா. ஆண்டு விழாவுக்கு மொத்தமா எடுக்கணும். உன் பழைய ஆளுகள எனக்கும் பழக்கிவிடு.”

நாளைக்கு யாரைக் காட்டுவது? இவர்தான் என் முதலாளி என்று எந்தக் கமிஷன் கடைக்காரரைக் கூட்டி வருவது? இதுவரை அவன் பொய் சொல்லவில்லை, ஒரு தப்பைத் திருத்தாமல் விட்டான், அவ்வளவுதான். இனிமேல் சொல்லுவது முழுப்பொய். ‘ஆம்’ என்று அழுத்தி டிக் அடித்தான்.

டீச்சர் படிவத்தை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு ஒன்பதாவது கேள்விக்கே திரும்பி வந்தார்.

“தப்பா டிக் பண்ணிட்டியே.”

“சரியாத்தான் டீச்சர் பண்ணிருக்கேன். நான் சொன்ன சென்ட்ரல், மார்க்கெட் இல்ல. அரசரடி சென்ட்ரல்.”

டீச்சர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். ஒரு சாண்தான். கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தபோதுகூட அவனுக்கு அப்படி உறைத்ததில்லை.

“என்ன செஞ்ச?”

“ஒரு ஆளு செத்துப்போனான். நான் அடிச்சதுல.”

“குடிச்சிருந்தியா?”

“இல்ல டீச்சர். நெதானத்துலதான் அடிச்சேன்.”

“எட்டு மாசமா என்னைய முட்டாளாக்கியிருக்க! வெங்காயம் வெலை வேற கேட்டுச் சொன்னியே, பாவி!”

“அது நெச வெலைதான் டீச்சர். போயிக் கேட்டுட்டுத்தான் வந்து சொன்னேன்.”

அவர் பதில் பேசுமுன் வாசலில் கார் நின்றது.

கிளமெண்ட் சார் படிவத்தைப் படித்ததும் சமையலறைக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர். “நூத்தி எண்பது பிள்ளைகள், டீச்சர். நாளைக்கு ஒரு தகப்பன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல? இன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருங்க.”

காய் நறுக்கும் எஸ்தர் அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. சிவபாண்டி தன்னையறியாமல் போய்த் தீயைக் குறைத்துவிட்டு, மறுபடி வந்து நின்றான்.

“அனுப்பலாம் சார்” என்றார் டீச்சர். அவர் குரலில் இன்னும் கோபம் இருந்தது. “ஆனா இந்தத் தாள்ல இல்லைன்னு போட்டிருந்தா அவன் இங்கேயே இருந்திருப்பான். நமக்கும் தெரிஞ்சிருக்காது. உண்மைய எழுதினதுக்கு அனுப்புனா, அடுத்து வாரவன் எல்லாம் இல்லைன்னுதான் எழுதுவான். அப்புறம் எதுக்கு இந்தப் படிவம்?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. ஆண்டு முடியுற வரைக்கும் பாப்போம். ஆனா ஒண்ணு. கத்தி, அருவாமனை எதுவும் இவர் கையில படக் கூடாது. நறுக்குறது பூராம் அந்த அம்மா பாத்துக்கட்டும்.”

எஸ்தர் அக்கா கையிலிருந்த கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தாள். வேலை தப்பியது, அதற்குக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? சிவபாண்டியால் முடியவில்லை. ஏழு இடத்தில் முழுங்கியதெல்லாம் ஒன்றாக மேலே வந்தது.

“சார், ஜெயில்லயே என் கையில கத்தியக் குடுத்திருந்தாங்க. அஞ்சு வருசமும்.”

“அங்க காவல் இருக்கும்ல!”

“இருந்துச்சு சார். கத்தியக் குடுத்துட்டு, வார்டரு டீ குடிக்கப் போயிருவாரு.”

கிளமெண்ட் சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “உங்க பொறுப்பு டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

“என் பொறுப்புதான் சார்” என்று டீச்சர் பின்னாலேயே சொன்னார். பிறகு எஸ்தர் அக்காவிடமிருந்து கத்தியை வாங்கினார். பிடியைச் சிவபாண்டி பக்கம் திருப்பி நீட்டினார். “மணி பதினொண்ணு ஆகப்போகுது. இன்னும் வெங்காயம் அரியல.”

அவன் உட்கார்ந்து அரிந்தான். டீச்சர் பதிவேட்டைச் சமையலறைக்கே எடுத்துவந்து, அரிசி மூட்டை மேல் விரித்து வைத்து அவன் பெயரைத் தேடினார். ‘மார்க்கெட்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘சிறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘சென்ட்ரல்’ என்பதை அப்படியே விட்டுவிட்டார். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.