குழலுக்குள் இருந்தது கரியா, மருந்தா

எங்கள் வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாட்டுத் துப்பாக்கி நிற்கிறது. என் வீட்டுக்காரருடையது. அவருடைய அப்பாவுக்குப் பிறகு பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்சை இவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கெடாருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வேர்க்கடலை காய் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்து வந்துவிடும். பன்றியை அவர் சுடுவதில்லை, சுடவும் கூடாது. குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்து வெடிப்பார். அந்தச் சத்தத்துக்குப் பன்றி ஓடிவிடும், எனக்கும் பாதி உயிர் போய்விடும்.

நான் சும்மா பயப்படுகிறவள் இல்லை. என் அக்காவைக் கிளியனூரில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரரிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது. ஒருநாள் குழலே வெடித்து அவருக்கு வலது கைக் கட்டைவிரல் போனது, ஒரு கண்ணும் மங்கிவிட்டது. முதலில் கெட்டித்த மருந்து பற்றாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. அது தெரியாமல் அதன் மேலேயே இன்னொரு முறை கெட்டித்து வெடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருந்தவள் நான்தான். இன்றைக்கும் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அக்காதான். இதை நான் சொன்னால் என் வீட்டுக்காரர், "சகலை ஒரு அவசரக்குடுக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இவர் ஏதோ நிதானத்துக்கே பிறந்தவர் மாதிரி.

பிடிக்காத வேலை என்றாலும் பக்கத்தில் இருந்து பார்த்து எனக்கும் தெரிந்துபோனது. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரைத் திணித்து, நீளமான கம்பியால் குத்த வேண்டும். பின்பக்கத் துளையின் மேல், அடித்தால் பொறி விடுகிற சின்ன கேப் ஒன்றைச் சொருகினால் துப்பாக்கி தயார். அந்தக் கம்பியில் என் மாமனார் அரத்தால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். குழல் காலியாக இருந்தால் கம்பி முழுக்க இறங்கி மேல்கோடு வாயில் நிற்கும். மருந்து இருந்தால் அவ்வளவு இறங்காது, கீழ்க்கோட்டிலேயே நின்றுவிடும். துப்பாக்கியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

இதில் பெரிய தொல்லை கரிதான். இந்த மருந்து வெடித்தால் பாதி புகையாகப் போகும், மீதி கரியாகக் குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் அது ஈரத்தை இழுத்துக் களியாகிவிடும். கழுவாமல் விட்டால் கம்பி கோட்டுக்கு எட்டாமல் நிற்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவினால் அழுகின முட்டை நாற்றம் குடலைப் புரட்டும். வெடிக்கிற வீரம் அவருக்கு, கழுவுகிற பாக்கியம் எனக்கு.

இந்த வருஷம் தீபாவளி அன்று சாயங்காலம் அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனார். கொல்லைக் கதவைத் திறந்தால் எங்கள் நிலம் தெரியும். அவர் போனால் நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அந்தக் கதவில் நிற்பேன். 'தொம்' என்று கனமாக ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு அவர் நடந்து வருவது தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும். அன்றைக்கு ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. சரம் எது, அணுகுண்டு எது, எங்கள் துப்பாக்கி எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

தூறல் போட ஆரம்பித்ததும் அவர் வந்தார், பிளாஸ்டிக் பையில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு.

"பன்னி ஓடிப்போச்சி. இன்னொரு வாட்டி வந்தா இருக்கட்டும்னு மறுபடி கெட்டிச்சி வச்சேன், வரல. மழையில அத வெடிக்க முடியல. காலைல வெடிச்சிக்கலாம்."

கேப்பைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைப் பீரோ ஓரத்தில் நிறுத்தினார். மருந்தோடு அது வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அன்று நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

விடிந்ததும் கொல்லைக்குக் கொண்டுபோனார். எதற்கும் கம்பியை விட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். என் வாயை மூடத்தான் விட்டுப் பார்த்தார். கீழ்க்கோடுகூட உள்ளே போகவில்லை. குழல் வாய்க்கு இரண்டு விரல் மேலே நின்றது.

"கோடு மேல நிக்குது பாருங்க."

"கரி. ஒரு வாரமா கழுவல இல்ல?"

"கரின்னா இம்மாம் ஏறுமா?"

"மழையில ஊறிக்கினு கெடக்குது. ஒரு வெடி வெடிச்சா எல்லாம் பிச்சிக்கினு போயிடும்."

"நேத்து மொதல்ல வச்சது வெடிச்சிதா?"

"வெடிக்காமதான் பன்னி ஓடிச்சா?"

"ஊரு வெடிக்கே அது ஓடியிருக்கும். நீங்க பொகைய பாத்தீங்களா?"

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் தயங்கினார். "ஊரே பொகை. அதுல என்னுது எதுன்னு இன்னாத்த சொல்றது?"

அந்தத் தயக்கம் போதும் எனக்கு. துணி துவைக்கிற கல்லின் மேல் கேப் டப்பா இருந்தது. அவர் கை நீட்டுவதற்குள் நான் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"குடு. காலங்காத்தால பேஜாரு பண்ணாத. ஜல்தி குடு, விழுப்புரம் வரிக்கும் போய்ட்டு வரணும்."

"யோவ், வேணாம்யா!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் யோவ் என்றது அன்றுதான். அவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அவர் சுதாரிப்பதற்குள் நான் குடத்தைத் தூக்கிக் குழல் வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அவர் தலையில் கொதிநீரை ஊற்றின மாதிரி கத்தினார்.

"துரு புடிச்சிடும்டி!"

"புடிக்கட்டும். துருவத் தேச்சிக்கலாம்."

துப்பாக்கியைப் பாத்ரூம் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்தோம். காபி போட்டேன், குடிக்கத்தான் முடியவில்லை. ஒருவேளை வெறும் கரியாக இருந்தால் இந்த மனிதர் ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் பண்ணுவாரே என்று ஒரு பக்கம் இருந்தது. கரியாகவே இருக்கட்டும் சாமி என்று இன்னொரு பக்கம் வேண்டிக்கொண்டேன்.

பின்பக்கத் துளையில் கருப்புத் தண்ணீர் கசிந்து வந்தபிறகு அவர் திருகு முனை வைத்த கம்பியை எடுத்தார். குழல் வாய்க்கு நேரே முகத்தைக் காட்டாமல் ஒதுங்கி நின்று திருகி இழுத்தார். நனைந்த நார் வந்தது. சாய்த்தபோது மருந்து கருங்குழம்பாக வழிந்தது. மறுபடி கம்பியை விட்டார். மருந்து வந்துவிட்டது, இனி மேல்கோடு வரைக்கும் இறங்க வேண்டும். கீழ்க்கோட்டில் நின்றது. கம்பி பொய் சொல்கிறது என்பதுபோல் அதை வெளியே எடுத்துத் துடைத்து இன்னொரு தடவை விட்டார். அப்போதும் அங்கேயே நின்றது. திருகி இழுத்தார். இன்னொரு நார் உருண்டை வந்தது. துவைக்கிற கல்லின் மேல் இரண்டும் நனைந்த எலிக்குஞ்சு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க நினைக்க பயம் கோபமாக மாறியது.

"எங்க மாமாவ அவசரக்குடுக்கைன்னு சொன்னீங்களே, இப்ப இன்னா சொல்றீங்க?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். திரும்பக்கூட இல்லை. எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார்.

"இன்னா சொன்ன?" என்றார். பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டு, "வலது காது கேக்கறதில்லமா. கொஞ்ச மாசமா. இடதும் பாதிதான். நேத்து கேப்பு மின்னுனது தெரிஞ்சிது. சத்தம் கேட்ட மாதிரி இருந்திச்சி. இப்பல்லாம் எல்லாமே கேட்ட மாதிரிதான் இருக்குது" என்றார்.

அத்தனை மாதமும் நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டால் திரும்பாதவர், சொன்னதற்கு ஊம் கொட்டாதவர் என்று அக்காவிடம் போனில் புலம்பியிருக்கிறேன். அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழும்போதே அடுத்த பயம் வந்துவிட்டது. இந்தக் காதோடுதான் தினமும் பைக் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் போய் வந்திருக்கிறார்.

"துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடட்டா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், அறுவடைக்குக் காத்திருக்கிற வேர்க்கடலைச் செடிகள் தெரிந்தன. ஓரத்தில் ஒரு பாத்தி முழுக்கப் பன்றி கிளறிப் போட்டிருந்தது.

"மல்லாட்டை புடுங்கினப்பறம்" என்றேன்.

வெந்நீர் வைத்துக் குழலை மறுபடி மறுபடி கழுவினேன். தண்ணீர் வெள்ளையாக வரும்வரை விடவில்லை. துணியால் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். அன்று சாயங்காலம் அவரோடு நானும் நிலத்துக்குப் போனேன். என் கண்முன்னால் கெட்டித்தார், கம்பியை விட்டுக் கோட்டைக் காட்டினார், வானத்தைப் பார்த்து வெடித்தார். செடிகளுக்குள் சலசலவென்று ஏதோ ஓடியது.

அவர் மறுபடி கெட்டிக்க மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கம்பியைத் தொடவில்லை, குழலைப் பார்க்கவில்லை. வெடித்ததா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினால் போதும், கெட்டித்துவிடுவார். எனக்குச் சத்தம் கேட்டது, புகையும் தெரிந்தது. அப்படியும் கழுத்து அசையவில்லை. இத்தனை வருஷமும் நான் துப்பாக்கிக்குத்தான் பயந்தேன். அன்றுதான் என் தலையாட்டலுக்குப் பயந்தேன்.