பத்ரிநாத் ஓட்டினால் மட்டும் புகை

இது நடந்தது. நள்ளிரவில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. பட்டப்பகலில், ஹெப்பகோடியில், ஆள் நடமாட்டம் ஓயாத ரோட்டில் நடந்தது. தாஸ் இதை எத்தனை முறை சொன்னாலும் ஒரு வார்த்தை மாறியதில்லை.

தாஸ் கோலார் தங்கவயல்காரர்; ஹெப்பகோடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பழைய கார்களின் கோளாறை இன்ஜின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, காலை 11.10. மல்லேஸ்வரத்திலிருந்து பத்ரிநாத் என்பவர் ஒரு கறுப்பு அம்பாசடரை அவருடைய ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் நீலப்புகை தெருவையே மறைத்தது.

"ஆயில் எரியுது சார். பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும். இல்லன்னா வால்வு சீல்."

"இதுக்கு முன்னாடி பார்த்த நாலு மெக்கானிக்கும் அதையேதான் சொன்னா. ரெண்டு தடவை இன்ஜினைப் பிரிச்சாச்சு. புகை நிக்கலை."

தாஸ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். ஆயில் எரிந்தால் அவை கரி அப்பி ஈரமாக இருக்கும். நான்கும் காய்ந்து சுத்தமாக இருந்தன. கம்ப்ரெஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரும் சரி. ஆயில் குச்சியை உருவினார். ஆயில் ஒரு சொட்டும் குறையவில்லை.

அப்படியென்றால் எரிவது என்ன?

தாமே ஓட்டிப் பார்த்தார். ஆனேக்கல் ரோட்டில் நான்கு கிலோமீட்டர். மேட்டில் ஏற்றினார், பள்ளத்தில் இறக்கினார். ஒரு இழை புகை இல்லை.

"சார், இப்ப நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

மணி 12.25. பத்ரிநாத் சாவியைத் திருப்பினார். கார் நகர்ந்தது.

ஃபுஸ்ஸ்... நீலப்புகை.

தாஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். எதிர்க்காற்று பலமாக அடித்தது. புகை பின்னால்தான் போக வேண்டும். ஆனால் அது காரை ஒட்டியே ஊர்ந்து முன்னால் வந்துகொண்டிருந்தது... பத்ரிநாத் இருந்த பக்கமாக மட்டும்.

"கண்ணாடிய ஏத்துங்க சார்!"

ஏற்றினார். புகை கண்ணாடியில் அப்பியது. பிறகு உள்ளே வந்தது.

தாஸுக்கு இருமல்கூட வரவில்லை. பத்ரிநாத்தின் முகத்தை மட்டும் அது ஈரத்துணி போலச் சுற்றிக்கொண்டது.

"அண்ணா... வேண்டாம்ணா... தெறந்துடறேன்ணா..."

யாரிடம் பேசுகிறார்?

தாஸ் எட்டிச் சாவியைத் திருகினார். சாவி கையோடு வந்தது.

இன்ஜின் நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

பத்ரிநாத் எப்படியோ பிரேக்கை மிதித்தார். கதவைத் திறந்து ரோட்டில் விழுந்தார்.

அந்த நொடியே இன்ஜின் அடங்கியது.

"சார், யாரு உங்க அண்ணன்?"

பத்ரிநாத் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இந்த வண்டி எனக்கு வேண்டாம். வித்துடுங்கோ" என்று மட்டும் சொன்னார். வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

தாஸ் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டார். மறுநாள் ஷெட்டைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு அம்மாள் வந்தார். பெயர் சுப்புலக்ஷ்மி, பத்ரிநாத்தின் அண்ணி.

"பத்ரி போயிட்டான். நேத்து மத்தியானம் மூணு இருபதுக்கு. சாப்டுட்டுப் படுத்தவன் எழுந்துக்கலை."

"ஐயோ... ஹார்ட்டாம்மா?"

"நுரையீரல் முழுக்க ஆயில் புகைன்னு டாக்டர் சொல்றார். அந்த நேரத்துல எங்காத்துல அடுப்புகூட எரியலை."

அந்த அம்மாள் காரின் கூரையைத் தடவினார்.

"எங்காத்துக்காரர் ராஜேந்திரனும் இந்த வண்டிக்குள்ளதான் போனார். கார் ஷெட்டைச் சாத்திண்டு, இன்ஜினை ஓடவிட்டு, தானே உயிரை விட்டுட்டார்னு போலீஸ்ல எழுதி முடிச்சுட்டா. பத்ரிதான் சாட்சி. நான் சொன்னதை ஒருத்தரும் காதுல வாங்கலை."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"கார் ஷெட்டுக் கதவு வெளியில தாப்பாள் போட்டிருந்ததுன்னு."

அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சாவிக்காகக் கையை நீட்டினார்.