சோறா, சாதமா?

ஜாசின் பஸ் நிலையத்தில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் அக்காவுக்குக் காதில் பெரிய தோடு, கையில் எப்போதும் வாழையிலை. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். யார் அழைத்தாலும் முதல் கேள்வி, “என்னா சாப்பிட்ட?”

ஒருநாள் அதில் அவர் மகன் குரல் அழுதது. “அம்மா, எக்சிடன்ட்! பேங்க் அனுப்பின நம்பரைச் சீக்கிரம் சொல்லுங்க!”

பொட்டலத்துக்கு நின்ற நானே, “சொல்லிடுங்கக்கா” என்றேன். அக்கா, “என்னா சாப்பிட்ட?” என்றார்.

குரல் தடுமாறியது. “சாதம்மா.”

போனை வைத்துவிட்டு, குருபோங்கில் பேக்டரி வேலையில் இருந்த மகனை அழைத்தார். “சோறும் கருவாடும்மா, ஏன்?” என்றான் அவன்.

அக்கா சிரித்தார். “கொரல கம்ப்யூட்டரே செஞ்சிருது லா தம்பி. ஆனா எங்க வீட்டுல எவன் சாதம் தின்னான்?”

இப்போதெல்லாம் மகள் அழைத்தால் நானும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அப்பாவுக்குத் திடீரென்று பாசம் பொங்குகிறது என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.